தராசு யார் கையில்?

ஆக்ஸ்போர்டின் நடுவே நான்கு வீதிகள் கூடும் கார்ஃபாக்ஸ் முனையில், புனித மார்ட்டின் கோயிலில் எஞ்சிய கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது. அதற்கு எதிர் மூலையில் ஒரு காலத்தில் ஸ்விண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடை இருந்தது. 1355 பிப்ரவரி 10, புனித ஸ்கொலாஸ்டிகா திருநாளன்று, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் அங்கே குடிக்க உட்கார்ந்தார்கள். வந்த திராட்சை மது மட்டமானது என்றார்கள். கடைக்காரர் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னார். பேச்சு முற்றி, மதுவும் குடுவையும் அவர் தலையில் விழுந்தன. சற்று நேரத்தில் ஊரார் புனித மார்ட்டின் கோயில் மணியை அடித்து ஆள் திரட்டினார்கள். பல்கலைக்கழகத்தார் புனித மேரி கோயில் மணியை அடித்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் ஊராருக்குத் துணையாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மூன்று நாள் கலவரத்தில் மாணவர் விடுதிகள் சூறையாடப்பட்டன. பல்கலைக்கழகத் தரப்பில் 63 பேரும் ஊரார் தரப்பில் சுமார் 30 பேரும் மாண்டதாக மரபுக் கணக்கு சொல்கிறது.

‘ஊருக்கும் அங்கிக்கும் பகை’ என்று இந்த வகைச் சண்டைகளை அங்கே சொல்வார்கள். கறுப்பு அங்கி அணிந்தவர்கள் பல்கலைக்கழகத்தார், அணியாதவர்கள் ஊரார். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும், இளரத்தத்துக்கும் நடுவயதுக்கும் இயல்பாக மூளும் பூசல் இது என்றே பெரும்பாலும் விளக்கம் தரப்படுகிறது. அந்த விளக்கம் போதாது. சண்டை எதிலிருந்து தொடங்கியது என்று பாருங்கள்: கொடுத்த காசுக்கு வந்த மது தகுந்ததா இல்லையா என்பதில். ஆக்ஸ்போர்டின் எண்ணூறு ஆண்டுப் பூசலை உருட்டிப் பார்த்தால் ரொட்டியின் எடை, பியரின் தரம், அறையின் வாடகை, கடனுக்கு வாங்கிய துணி என்று அன்றாடப் பொருள்களே கையில் தட்டுப்படுகின்றன. கல்லூரி ஊர் ஒன்றின் நிம்மதி, அங்கே தராசு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரு தரப்பும் சேர்ந்து தராசைப் பிடித்த காலங்களில் ஊர் தழைத்தது. ஒரு தரப்பே பிடித்துக்கொண்ட காலங்களில் மனக்கசப்பு தலைமுறை தலைமுறையாக ஊறியது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே ஆக்ஸ்போர்டு ஊராக இருந்தது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் அதன் பெயர் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் நெசவாளருக்கும் தோல் செருப்புத் தொழிலாளருக்கும் அங்கே தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. 1096 வாக்கில் அங்கே பாடம் நடந்ததற்குச் சான்று உண்டு. 1167இல் இரண்டாம் ஹென்றி மன்னர் ஆங்கிலேய மாணவர்கள் பாரிஸில் படிக்கத் தடை போட்ட பிறகு கூட்டம் பெருகியது. அந்த மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டடம் எதுவும் கிடையாது. ஊராரின் வீட்டில் அறை வாடகைக்கு எடுத்து, ஊராரின் கடையில் ரொட்டி வாங்கி, ஊராரின் கூடத்தில் பாடம் கேட்டார்கள். ஓர் ஊரில் திடீரென்று சில நூறு இளைஞர்கள் வந்து குடியேறினால் வாடகை என்ன ஆகும், அரிசி விலை என்ன ஆகும் என்பதைக் கல்லூரிகள் முளைத்த நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கு அது பொன்னான காலம். வெளியூரிலிருந்து வந்த ஏழை மாணவனுக்குத் திண்டாட்டம்.

1209இல் ஒரு பெண் கொல்லப்பட்டாள். சந்தேகத்துக்கு உள்ளான மாணவன் ஓடிவிட்டான். ஊரார் அவனோடு தங்கியிருந்தவர்களைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம்தான் கேம்பிரிட்ஜ். 1214இல் போப்பாண்டவரின் தூதர் வந்து தீர்ப்புச் சொன்னார். கொலைக்கான தீர்ப்பு அது. ஆனால் அதன் வாசகம் முழுவதும் வாடகையும் சோறுமாக இருக்கிறது. மாணவர் தங்கும் வீடுகளுக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பாதி வாடகைதான் வாங்க வேண்டும். ஏழை மாணவர்களுக்காக ஊர் ஆண்டுதோறும் 52 ஷில்லிங் கட்ட வேண்டும். புனித நிக்கோலஸ் திருநாளில் நூறு ஏழை மாணவர்களுக்கு ரொட்டி, பியர், கூழ், கூடவே மீனோ இறைச்சியோ ஒரு வகை என்று விருந்து வைக்க வேண்டும். உணவுப் பொருளை நியாய விலைக்கு விற்க வேண்டும். ஊரார் மேல் மாணவருக்கு உண்மையில் என்ன குறை இருந்தது என்பதை இந்தப் பட்டியலை விடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்லாது.

அடுத்து வந்த ஏற்பாடு கவனத்துக்குரியது. 1231இல் மூன்றாம் ஹென்றி காலத்தில், மாணவர் விடுதிகளின் வாடகையை ஆசிரியர் தரப்பிலிருந்தும் ஊரார் தரப்பிலிருந்தும் ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து நிர்ணயிக்கும் முறை வந்தது. இருவரும் தராசின் இரு தட்டுகளாக அமர்ந்தார்கள். 1240இல் அந்த 52 ஷில்லிங்கை வைத்து ஒரு கடன் பெட்டி தொடங்கினார்கள். இரும்புப் பட்டை அடித்த உண்மையான மரப்பெட்டி. மாணவன் தன் புத்தகத்தை அதில் அடகு வைத்து வட்டியில்லாமல் பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்டினால் புத்தகம் திரும்பும். கையெழுத்துப் பிரதி என்பது ஒரு குடும்பச் சொத்தின் மதிப்பு பெற்றிருந்த காலம் அது. நம் வீடுகளில் அவசரத்துக்கு நகை அடகுக்குப் போவது போல அங்கே தர்க்க நூலும் சட்ட நூலும் அடகுக்குப் போயின. ஊரார் அபராதமாகக் கட்டிய பணமே மாணவனின் கைமாற்றாக மாறி, ஊராரின் கடைக்கே ரொட்டிக் காசாகத் திரும்பி வந்தது. ஊரும் அங்கியும் ஒரே பணத்தில் பிழைத்தார்கள் என்பதற்கு இந்தப் பெட்டி ஒன்றே போதும்.

ரொட்டியை எடைபோடுவது அப்போது அவ்வளவு பெரிய அதிகாரமா என்று கேட்கலாம். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கால் பென்னி ரொட்டி எப்போதும் கால் பென்னிதான். கோதுமை விலை ஏறினால் சட்டப்படி ரொட்டி சிறுக்கும், இறங்கினால் பெருக்கும். விலை ஏறாமல் வடை சிறுத்துப்போவதை நம் டீக்கடைகளில் பார்க்கிறோம்; அங்கே அதற்கு அரசாங்க அட்டவணையே இருந்தது. ஆகவே இன்றைய கோதுமை விலைக்கு இந்த ரொட்டி எத்தனை எடை இருக்க வேண்டும், கடைக்காரர் வைத்திருப்பது சரியான எடைதானா என்று சோதிப்பவர் கையில் ஊரின் வயிறு இருந்தது. தவறியவருக்கு அபராதம் உண்டு. மீண்டும் மீண்டும் தவறினால் நடுத்தெருவில் கட்டையில் பூட்டி நிறுத்தும் அவமானமும் உண்டு. 1248 சாசனப்படி இந்தச் சோதனை பல்கலைக்கழகத்தின் தலைவர் அல்லது அவர் அனுப்பும் ஆளின் முன்னிலையில் நடக்க வேண்டும். அதன்படி எடைபோடுபவர் ஊரார், பார்த்து நிற்பவர் பல்கலைக்கழகத்தார் என்று ஒரு சமநிலை இருந்தது.

1355 கலவரம் அந்தச் சமநிலையை முறித்தது. மூன்றாம் எட்வர்ட் மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். ரொட்டி, பியர், மதுச் சோதனையும் எடை, அளவைகளின் மேற்பார்வையும் முழுமையாகப் பல்கலைக்கழகத்துக்கே போயின. தெருக்களைச் சுத்தமாக வைத்திருக்கச் செய்யும் அதிகாரமும் அதனோடு போயிற்று. இனி ஊர் மேயருக்குத் தன் சந்தையிலேயே ஒரு படியை எடுத்து இது சரியான படிதானா என்று பார்க்கும் உரிமை இல்லை. அதற்கு மேல் ஆண்டுதோறும் ஒரு பரிகாரம்: ஸ்கொலாஸ்டிகா நாளில் மேயரும் ஊர்ப் பெரியவர்களும் புனித மேரி கோயிலுக்குப் போய், இறந்த மாணவர்களுக்காக வேண்டி, ஆளுக்கு ஒரு பென்னி காணிக்கை வைக்க வேண்டும். இந்த வழக்கம் 1825 வரை நீடித்தது. கலவரத்தைப் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லாத நாளிலும், அவர்களின் பேரன் பேத்திகளும் மறைந்த பிறகும், ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு மேயர் தலை குனிந்து நடந்தார். காசின் மதிப்பு அங்கே பொருட்டல்ல. யாரிடம் தராசு இருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு நினைவூட்டிய சடங்கு அது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. வியாபாரிகள் உண்மையிலேயே ஏமாற்றினார்கள். மாணவர்களில் பலர் ஏழைகள். எடையை ஒரு கண்டிப்பான கை பிடித்திருந்ததால் ஊரின் ஏழைகளுக்கும் சேர்த்தே நன்மை கிடைத்திருக்கும் அல்லவா? கிடைத்திருக்கும், மறுப்பதற்கில்லை. 1209இல் பல்கலைக்கழகம்தான் பலவீனமான தரப்பு. அதற்குக் காப்பு தேவைப்பட்டது. ஆனால் பலவீனருக்குக் கொடுத்த காப்பு, அவர்கள் பலசாலிகள் ஆன பிறகும் அவர்களிடமே தங்கிவிட்டது. மெர்டன் கல்லூரி 1264இல் தொடங்கியது. 1349இன் கொள்ளைநோயில் ஊர் ஆளிழந்து, வீடுகள் காலியாகி, மனைகள் மலிந்தன. 1379இல் நிறுவப்பட்ட நியூ காலேஜ், மதிலோரம் அப்படிப் பாழடைந்து கிடந்த மனைகளை வாங்கித்தான் எழுந்தது. வாடகைக்கு அறை தேடி அலைந்த தரப்பு ஊரின் பெரிய நிலக்கிழாராக மாறியது. ரொட்டி வாங்குபவரே ரொட்டிக் கடை இருக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரர், எடைக்கல்லுக்கும் அதிகாரி, தகராறு வந்தால் நீதிபதியும் அவரே என்றால் அதை ஏழைக்குக் காப்பு என்று சொல்ல முடியாது.

பல்கலைக்கழகத்தை அண்டியிருந்தவர்களுக்கு ஒரு தனித் தகுதி கொடுக்கப்பட்டிருந்தது. தோல்தாள் செய்பவர், எழுத்தர், சித்திர எழுத்து தீட்டுபவர், புத்தகம் கட்டுபவர், முடி திருத்துபவர், சமையற்காரர் என்று பல தொழிலாளர் ‘சலுகை பெற்றோர்’ ஆகி, ஊர் நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் பல்கலைக்கழகத்தின் நிழலில் வந்தார்கள். புனித மேரி கோயிலை ஒட்டிய கேட் தெருவில் இந்தப் புத்தகத் தொழில் நெருக்கமாக நடந்தது: ஒரு வீட்டில் தோல் பதமாகும், அடுத்த வீட்டில் எழுத்து வரியேறும், அதற்கடுத்த வீட்டில் மையும் பொன்னும் ஏறும், கடைசி வீட்டில் அட்டை கட்டப்படும். ஒரே தெருவில், ஒரே தொழிலில் இருந்தும், ஒருவர் ஊரின் குடி, இன்னொருவர் பல்கலைக்கழகத்தின் ஆள். சகோதரர் இருவர் இரு சட்டத்தின் கீழ் வாழலாம். இத்தகைய பிரிவு ஓர் ஊரின் ஒற்றுமையை எவ்வளவு மெதுவாகவும் ஆழமாகவும் அரிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடனிலும் இதே கதைதான். மாணவன் ஊர்க் கடைகளில் கணக்கு வைத்து வாங்கினான்; வீட்டிலிருந்து பணம் வந்தால் கட்டினான். வராவிட்டால் கடைக்காரர் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் 1977இல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. 21 வயது நிரம்பாத மாணவன் என்றால் அன்றைய பொதுச் சட்டமும் கடைக்காரருக்கு உதவவில்லை; ‘அவசியப் பொருள்’ என்று நிரூபித்தால்தான் பணம் கிடைத்தது. நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் நாஷ் எதிர் இன்மன் என்ற 1908ஆம் ஆண்டு வழக்கு கேம்பிரிட்ஜ் மாணவன் ஒருவனைப் பற்றியது. லண்டன் தையற்காரரிடம் பதினொரு அலங்கார வெயிஸ்ட்கோட்டுகள் உட்படத் துணிமணிகளைக் கடனுக்கு வாங்கினான். அவனிடம் ஏற்கெனவே போதிய உடைகள் இருந்ததால் இவை அவசியப் பொருள் அல்ல என்று தீர்ப்பானது. தையற்காரருக்குக் காசு வரவில்லை. லண்டன் கடைக்காரர் அந்த நட்டத்தைத் தாங்குவார். கல்லூரி வாசலில் சின்னக் கடை வைத்திருப்பவர், அந்த நட்டத்தை அடுத்த வாடிக்கையாளரின் விலையில் ஏற்றாமல் என்ன செய்வார்? கல்லூரி ஊரின் விலைவாசி அதிகம் என்ற பழிக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எல்லாரும் சொல்லும் பெரிய எதிர்வாதம்: பல்கலைக்கழகம் இல்லையென்றால் ஆக்ஸ்போர்டே இல்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே அதன் நெசவுத் தொழில் நலிந்துவிட்டது. பல்கலைக்கழகம் இல்லாதிருந்தால் இன்னொரு சாதாரணச் சந்தையூராக அது சுருங்கியிருக்கும். ஆகவே ஊரார் நன்றி சொல்ல வேண்டும், குறை சொல்லக் கூடாது என்பார்கள். இதில் முன்பாதி உண்மை, பின்பாதி சரியல்ல. பிழைப்புக் கிடைத்தது, ஆனால் எத்தகைய பிழைப்பு? பல்கலைக்கழகத்தின் பாடவேளை எட்டு வாரங்கள் கொண்ட மூன்று பருவங்கள். ஆண்டுக்கு 24 வாரம். மாணவர் அறையைக் கூட்டி, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டிய கல்லூரிப் பணியாளருக்கு நீண்ட கோடை விடுமுறையில் வேலை இல்லை; பலர் கடற்கரை ஊர் விடுதிகளில் கூலி தேடிப் போனார்கள். ஊருக்குக் கிழக்கே ஹெடிங்டன் குவாரிக் கிராமத்தில் ஆண்கள் கல் எடுத்தார்கள், செங்கல் அறுத்தார்கள். அந்தக் கல்தான் பல கல்லூரிகளின் சுவர். பெண்கள் கல்லூரித் துணிகளை வாங்கி வந்து வெளுத்தார்கள். பருவம் தொடங்கினால் கொல்லைப்புறம் முழுவதும் வெள்ளைத் துணி காயும். பருவம் முடிந்தால் கொடி வெறுங்கொடி. ஒரே முதலாளியை, அவரும் பாதி ஆண்டுக்கு மட்டும் இருக்கும் முதலாளியை, நம்பியிருப்பதை வளம் என்று சொல்லலாம். பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

அந்த நிலையை மாற்ற வந்த வாய்ப்பும் ஒரு தரப்பின் சொல்லால் தவறிப்போனது. 1844இல் ரயில் ஆக்ஸ்போர்டுக்கு வந்தபோது, பல்கலைக்கழக அதிகாரிகள் நிலையத்துக்குள் நுழைந்து மாணவர்களைத் தேடலாம், அவர்கள் தடுக்கும் மாணவனை ரயில் நிறுவனம் ஏற்றக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1865இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனம் தன் பெட்டி கட்டும் பட்டறையை ஆக்ஸ்போர்டில் அமைக்க முன்வந்தது. நகர மன்றம் இடம் தர இசைந்தது. பல்கலைக்கழகத்தில் பலர் தொழிற்சாலை ஊரின் அமைதியைக் கெடுக்கும் என்று எதிர்த்தார்கள். பட்டறை ஸ்விண்டனுக்குப் போயிற்று. நூலகத்துக்கும் படிப்புக்கும் அமைதி தேவை என்ற அவர்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் கோடைக்காலத்தில் கூலியில்லாமல் நின்ற குடும்பங்களின் கவலையும் அதே தராசில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். தொழிற்சாலை ஒரு வழியாக வந்தது 1913இல்: சைக்கிள் கடையிலிருந்து தொடங்கிய வில்லியம் மாரிஸ் என்ற ஊர்க்காரர் கௌலியில் கார் கட்டத் தொடங்கினார். இரு பெரும் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வேல்ஸிலிருந்துகூட ஆட்கள் வேலைக்கு வந்து குடியேறினார்கள். அதே மாரிஸ் 1937இல் கொடுத்த நன்கொடையில்தான் நஃபீல்ட் கல்லூரி எழுந்தது. தொழில் வந்தால் கல்வி கெடும் என்ற அச்சத்துக்கு அந்தக் கட்டடமே பதில்.

சண்டை தராசால் வந்தது என்பதை ஏற்காதவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: மாணவர்கள் தங்களுக்குள்ளேயே, வடக்கத்தியார் தெற்கத்தியார் என்று பிரிந்து அடித்துக்கொண்டார்களே, அதற்கு எந்த ரொட்டி காரணம்? ரத்தத்தின் சூட்டை நான் மறுக்கவில்லை. மாணவர்களின் உட்பூசல்கள் மூண்டன, அடங்கின, மறந்தும் போயின. ஊரோடு இருந்த பூசல் மட்டும் சாசனமாகி, சடங்காகி, நீதிமன்றமாகி, 470 ஆண்டு நின்றது. ஒரு பொறாமையோ ஒரு வாய்ச்சண்டையோ அவ்வளவு நாள் உயிர்வாழாது. அதைத் தாங்க ஓர் அதிகாரம் தேவை.

தராசு பகிரப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கு எதிர்ச்சான்றும் ஆக்ஸ்போர்டிலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கசாப்புக் கடைகளும் காய்கறிக் கடைகளும் பெரிய வீதிகளை அடைத்து நாறடித்தன. 1771இல் வந்த சட்டம் ஊரையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே குழுவில் உட்கார வைத்தது. ஜான் குவின் வரைந்த திட்டப்படி 1774இல் கூரையிட்ட சந்தை திறந்தது. முதலில் கசாப்புக் கடைகள் இருபது. அதை நடத்துபவர்களில் இரு தரப்பும் இருந்தார்கள். 250 ஆண்டுகள் கழித்தும் அந்தச் சந்தை அதே இடத்தில் நடக்கிறது. 1231இன் வாடகைக் குழுவில் இருந்த அறிவு, ஐந்து நூற்றாண்டு வழிதவறி, சந்தைக் கூரையின் கீழ் திரும்பி வந்தது. 1955 பிப்ரவரி 10இல், கலவரம் நடந்து 600 ஆண்டு ஆன நாளில், பல்கலைக்கழகம் மேயருக்குக் கௌரவப் பட்டம் தந்தது; நகரம் துணைவேந்தரைக் கௌரவக் குடிமகன் ஆக்கியது. மணி அடித்து ஆள் திரட்டிய இரு தரப்பும் முறைப்படி கைகுலுக்கிக்கொண்டன. சந்தையில் பழகிய சமத்துவம் சடங்குக்கு வந்து சேர அத்தனை காலம் பிடித்தது.

தமிழருக்கு ஆக்ஸ்போர்டு என்றால் ஜி. யு. போப் நினைவுக்கு வருவார். 1884 முதல் அங்கே தமிழ் கற்பித்தார். அவரது திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல் ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகத்தில் வெளியானது. அந்த அச்சகம் 1830 வாக்கில் வால்டன் தெருவுக்கு வந்தது. அதைச் சுற்றித்தான் ஜெரிக்கோ என்ற தொழிலாளர் குடியிருப்பு வளர்ந்தது. காலரா மூன்று முறை வந்து போன ஆக்ஸ்போர்டில் வடிகாலும் நல்ல தண்ணீரும் சரியாக இல்லாத தெருக்கள் அவை. போப் 1908இல் மறைந்தபோது அவரை அடக்கம் செய்ததும் அதே வால்டன் தெருவோரம் உள்ள புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில்தான். 1848இல் ஊரின் சில பங்குகளுக்காகத் திறந்த பொதுத் தோட்டம் அது. பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் அங்கே கிடக்கிறார். அச்சகத்தின் தாமஸ் கூம் கிடக்கிறார். கடைக்காரரும் கல்லூரிப் பணியாளரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். போப்பின் கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து நாட்டியதாக அந்தக் கல்லே சொல்கிறது. அந்தக் கல்லுக்கு அஞ்சலி செலுத்தப் போகும் தமிழர் அடுத்தடுத்த வரிசைகளில் இருக்கும் பெயர் தெரியாத கற்களையும் ஒரு கணம் பார்க்க வேண்டும். ஒரு புத்தகம் உருவாக ஆசிரியர் மட்டும் போதவில்லை. காகிதம் சுமந்தவர், எழுத்துக் கோத்தவர், அவர்களுக்கு ரொட்டி சுட்டவர், அவர்கள் துணியை வெளுத்தவர் எல்லாரும் தேவைப்பட்டார்கள். கல்லூரி ஊரின் தராசில் அவர்களுக்கும் ஒரு தட்டு இருக்க வேண்டும் என்பதே அந்த ஊரின் எண்ணூறு ஆண்டுகள் நமக்குச் சொல்லும் கணக்கு.